கூலியைத் தொடாத பக்தி

“அது உலகக் காரியம், பிரதர். ஜெபத்தில் வைத்துவிடுங்கள்.” தறிக்கூலி, வட்டி, கடைக் கணக்கு, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளம், பெண் பார்க்கும்போது கேட்கப்படும் சாதி என்று எதை எடுத்தாலும் நம் சபைகளில் கடைசியாக வந்து விழும் வாக்கியம் இது. சொல்பவர் கெட்டவர் இல்லை. பெரும்பாலும் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து முழங்காலில் நிற்பவர். நல்லவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லிச் சொல்லி, இது வேதத்திலேயே எழுதியிருப்பது போல ஆகிவிட்டது. அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை என்பதுதான் என் வாதம்.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். தேவபக்தி என்பது ஒரு மனிதனுக்கும் ஆண்டவருக்கும் இடையிலுள்ள உறவு. வேதவாசிப்பு, ஜெபம், உபவாசம், ஆராதனை ஆகியவற்றில் ஒருவன் நிலைத்திருந்தால் அன்பும் பொறுமையும் சாந்தமும் அவனுக்குள் தானாக வளரும். திராட்சச்செடியில் நிலைத்திருக்கும் கொடி கனி கொடுக்கும். கொடி அதற்காகப் பிரயாசப்படுவதில்லை. கடை, தறி, அலுவலகம், சமையலறை எல்லாம் பிழைப்புக்கான இடங்கள். அங்கே நேர்மையாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் பக்தி வளர்கிற இடம் அது இல்லை. கூலி, நியாயம் என்று சபை பேசத் தொடங்கினால், கிருபையால் இரட்சிப்பு என்ற அடித்தளம் ஆடிப்போகும். கிரியைகளால் புண்ணியம் தேடும் பழைய வழிக்கே திரும்பிவிடுவோம். அதிலும் காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரத்தில் கைப்பிடி அளவே இருக்கும் சபைக்குச் சுவிசேஷம்தான் வேலை. கூலிப் பஞ்சாயத்து சங்கங்களின் வேலை.

இதில் உண்மைகள் உண்டு. ஜெபமில்லாத நேர்மை சீக்கிரமே தற்பெருமையாகிவிடும் என்பது உண்மை. கிருபைதான் தொடக்கம் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மைகளை வைத்து எடுக்கும் முடிவு தவறு. ஏழு காரணங்கள் சொல்கிறேன்.

1. பரிசுத்தத்தை வேதம் எந்த இடத்தில் வைத்திருக்கிறது?

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தேவன் பரிசுத்தர், ஆகவே அவருடைய ஜனமும் பரிசுத்தமாயிருக்க வேண்டும் என்ற அழைப்போடு அது தொடங்குகிறது. அடுத்து நாம் எதிர்பார்ப்பது என்ன? ஜெபம், உபவாசம், காணிக்கை. பலியைப் பற்றிச் சில வசனங்கள் உண்டுதான். ஆனால் அதிகாரத்தின் பெரும்பகுதி வேறு இடத்தில் நடக்கிறது. வயல் ஓரத்து விளைச்சலை ஏழைக்கு விட்டுவைக்க வேண்டும். கூலிக்காரனின் கூலி மறுநாள் காலைவரை உன் வீட்டில் தங்கக் கூடாது. செவிடனைத் தூற்றக் கூடாது, குருடன் காலடியில் தடை வைக்கக் கூடாது. தராசும் படிக்கல்லும் சரியாக இருக்க வேண்டும். பரிசுத்தம் என்ற சொல்லுக்கு மோசே கொடுத்த விளக்கவுரையில் தராசும் கூலியும்தான் நிற்கின்றன.

உபாகமம் 24 இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஏழைக் கூலியாளுக்குச் சூரியன் மறையுமுன் கூலி கொடுக்கச் சொல்லும்போது, அவன் உன் சகோதரனானாலும் சரி, உன் ஊரில் வாழும் அந்நியனானாலும் சரி என்று சேர்த்தே சொல்கிறது. காஞ்சிபுரத்தில் தறியில் உட்காருபவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் இல்லை. “அவர்கள் நம் சபையார் இல்லையே” என்ற சாக்கு அந்த வசனத்தோடு செத்துப்போகிறது.

பரிசுத்த ஆவியைப் பற்றி இத்தனை பேசுகிறோம். தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று வேதத்தில் முதலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படுபவன் யார்? தீர்க்கதரிசியோ ராஜாவோ இல்லை. பெசலெயேல் என்ற கைவினைஞன். யாத்திராகமம் 35இல் அவனுக்கும் அகோலியாபுக்கும் கொடுக்கப்பட்ட திறமைகளின் பட்டியலில் நெசவு பெயரோடு இருக்கிறது. 39ஆம் அதிகாரத்தில் பொன்னை மெல்லிய தகடாகத் தட்டி, இழையாக நறுக்கி, நீலமும் ஊதாவும் சிவப்புமான நூலோடு சேர்த்து வேலை செய்ததாக வருகிறது. காஞ்சிபுரத்து நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் எந்த வீட்டில் இதைப் படித்துக் காட்டினாலும் இது ஜரிகை வேலை என்று சொல்லிவிடுவார்கள். தேவ ஆவியானவர் தறியண்டையில் இருந்தார் என்று வேதம் சொல்லும்போது, தறி உலகக் காரியம் என்று நாம் எந்த அதிகாரத்தில் சொல்கிறோம்?

புதிய ஏற்பாட்டிலும் இதே கதைதான். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். பிலிப்பியில் அவருக்கு வீட்டைத் திறந்துவிட்ட லீதியாள் இரத்தாம்பர வியாபாரி. யோப்பாவில் தொற்காள் இறந்தபோது, விதவைகள் பேதுருவிடம் அவளுடைய ஜெப வாழ்க்கையை விவரிக்கவில்லை. அவள் தைத்துக் கொடுத்த உடைகளை எடுத்துக் காட்டி அழுதார்கள்.

2. பூட்டிய அறையில் எந்தக் குணமும் விளையாது.

கலாத்தியர் 5இல் ஆவியின் கனியாகப் பவுல் எழுதும் ஒன்பதையும் எண்ணிப் பாருங்கள். அன்பு யார்மீது? நீடிய பொறுமை யாரிடம்? தயவு, நற்குணம், சாந்தம் யாருக்கு? எதிரே ஒரு மனிதன் இல்லாமல் இவற்றுக்குப் பொருளே இல்லை. நம்மை எரிச்சல்படுத்துகிற மனிதன் எதிரே இருக்க வேண்டும். சொன்ன தேதிக்குச் சேலையை அறுத்துத் தராத நெசவாளி, கேட்ட தேதிக்குக் கூலி தராத முதலாளி, மூன்று மணிநேரம் முப்பது சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் எழுந்துபோகும் வாடிக்கையாளர் ஆகியோரிடம்தான் பொறுமை இருக்கிறதா இல்லையா என்பது தெரியவரும்.

குழித்தறியைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும். நெசவாளி குழிக்குள் காலை விட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கிறார். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா. மறுபக்கத்துக் கரைக்குத் துணையாள் ஒருவர் நாடாவைக் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஊடை இழையிலும் கரையும் உடலும் சரியாகக் கோத்துக்கொள்ள வேண்டும். ஒரு இழை தவறினாலும் முந்தானை வரை தெரியும். இதை எந்த நெசவாளியும் நெசவைப் பற்றிய பிரசங்கம் கேட்டுக் கற்கவில்லை. குழியில் இறங்கி, தப்புப் போட்டு, பிரித்து, மறுபடி போட்டுத்தான் கற்றார். சாந்தமும் நேர்மையும் கைக்கு வருவதும் அப்படித்தான். வேண்டிக்கொண்ட பொறுமை, பொறுக்க வேண்டிய இடத்தில் பொறுத்துப் பழகும்போதுதான் நம்முடையதாகிறது.

கொடி பிரயாசப்படுவதில்லை என்ற வாதத்துக்கு யோவான் 15ஆம் அதிகாரமே பதில் சொல்கிறது. நிலைத்திருப்பது என்றால் என்ன என்று இயேசு அங்கேயே விளக்குகிறார்: அவருடைய கற்பனைகளைக் கைக்கொள்வது. அந்தக் கற்பனை எது என்பதையும் சொல்கிறார்: ஒருவரிலொருவர் அன்பாயிருப்பது. ஆக, நிலைத்திருப்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் நடுவே நாம் எழுப்பிய சுவர் அந்த அதிகாரத்தில் இல்லை.

3. இந்தப் பிரிவினைக்கு விலை கொடுப்பவர் யார்?

பக்தி வேறு, பிழைப்பு வேறு என்று பிரிப்பதால் பக்திமானுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அவருக்கு நிம்மதி கிடைக்கிறது. விலை கொடுப்பவர் அவருக்குக் கீழே இருப்பவர். ஏசாயா 58 சொல்வது இதைத்தான். ஜனங்கள் உபவாசிக்கிறார்கள், தலைகுனிகிறார்கள், சாம்பலில் உட்காருகிறார்கள். அதே நாளில் தங்கள் வேலைக்காரரைக் கசக்கிப் பிழிகிறார்கள். அந்த உபவாசத்தில் குறை இருக்கிறது என்றுகூடத் தேவன் சொல்லவில்லை. அது உபவாசமே இல்லை என்கிறார்.

பட்டுத் தொழிலில் முன்பணம் என்ற ஒன்று தலைமுறைகளாக உண்டு. தறி போடவோ, மகள் கல்யாணத்துக்கோ, மருத்துவச் செலவுக்கோ வாங்கியது. கொடுத்தவரிடமே நெய்ய வேண்டும். கணக்கு முடியும்வரை வேறு இடம் போக முடியாது. கோர்வைக்குத் துணையாள் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? நெடுங்காலம் அந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள் பிள்ளைகள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்கு இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2003இல், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, அதில் காஞ்சிபுரமும் இருந்தது. சட்டமும் பள்ளிகளும் பலருடைய விடாத உழைப்பும் சேர்ந்து அந்த நிலையை இன்று வெகுவாக மாற்றியிருக்கின்றன.

அந்த ஆண்டுகளிலும் நம் ஆலயங்களில் ஆராதனை நடந்தது. கிறிஸ்தவ மணப்பெண்கள் சந்தன நிறத்திலும் வெள்ளையிலும் ஜரிகைக் கரை போட்ட காஞ்சிப் பட்டு உடுத்திப் பீடத்தின் முன் நின்றார்கள். அந்தச் சேலைக்காகக் காஞ்சிபுரத்துக் காந்தி ரோட்டுக் கடைகளில் குடும்பமாக உட்கார்ந்து விலை பேசினோம். கரையின் நிறத்தைக் கேட்டோம், எடையைக் கேட்டோம், தள்ளுபடியைக் கேட்டோம். இதை நெய்தவருக்கு என்ன கூலி, பக்கத்தில் உட்கார்ந்து நாடா கொடுத்தது யாருடைய பிள்ளை என்று கேட்பது பக்தியைச் சேர்ந்த கேள்வி என்று நமக்குச் சொல்லித்தர ஆளில்லை. “உலகக் காரியம்” என்ற வாக்கியம் செய்த வேலை இது. கண்ணை மூடச் சொல்லிக் கொடுத்தது. மூடியதற்கு ஜெபம் என்று பெயரும் வைத்தது.

விற்கும் பக்கத்துக்கு வாருங்கள். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய சட்டம் 1985இல் வந்தது. சுத்தப் பட்டுக்குச் சில்க் மார்க் வந்தது. காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தனை பாதுகாப்பு ஏன் தேவைப்பட்டது? விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்றும், செம்புக் கம்பியில் முலாம் பூசியதை வெள்ளி ஜரிகை என்றும் கூசாமல் சொல்லும் வாய்கள் இருந்ததால்தான். அப்படி ஒரு கல்லாவில் விசுவாசி ஒருவர் உட்கார்ந்திருந்தால், சுவரில் மாட்டிய வாக்குத்தத்த வசனம் அவரைக் காப்பாற்றாது. அவர் சொல்லும் ஒரு பொய்யால் உண்மையான கைத்தறி நெசவாளி ஒருவருடைய கூலி குறைகிறது. கள்ளத்தராசைத் தேவன் அருவருக்கிறார் என்று நீதிமொழிகள் சொல்வது இந்தக் கல்லாவைப் பார்த்துத்தான்.

4. சாதி தப்பித்துக்கொண்டதும் இதே வாசல் வழியாகத்தான்.

இது வெறும் தர்க்கப் பயிற்சி என்று நினைப்பவர்கள் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் பக்தியில் குறைந்தவர்களா? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அவர்களில் ஒருவர். அவருடைய கீர்த்தனைகளை நாம் இன்றும் உருகிப் பாடுகிறோம். பின்னாளில் லைப்சிக் லுத்தரன் மிஷனும், குறிப்பாக அதன் தலைவர் கார்ல் கிரவுலும், சாதி சமூக வழக்கமே தவிர மதக் காரியம் இல்லை என்ற நிலையை எடுத்தார்கள்.

கவனியுங்கள்: “அது சமூக வழக்கம்.” “அது உலகக் காரியம்.” இரண்டும் ஒரே வாக்கியம். பக்தி எவ்வளவு ஆழமானாலும், இந்தக் கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டால் சாதி உள்ளே வந்து சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் கழித்து, கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். “இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற” என்ற சொற்களுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் அச்சாகியிருக்கும். ஜெபித்து ஜெபித்தே சாதி போய்விடும் என்றால் இந்நேரம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதை ஜெபத்துக்கு வெளியே வைத்துவிட்டோம்.

5. பொறுமையை யாருக்குப் போதிக்கிறோம்?

நற்சிந்தை வேண்டும் என்று நம் மேடைகள் பேசாமலில்லை. பேசும்போது அது யார் காதில் விழுகிறது என்பதுதான் கேள்வி. பொறுமை, போதுமென்ற மனம், முறுமுறுக்காமை: இவை பெரும்பாலும் கூலிக்காரனுக்கும் மருமகளுக்கும் வேலைக்காரிக்கும் போதிக்கப்படுகின்றன. முதலாளிக்கும் மாமியாருக்கும் எஜமானுக்கும் உரிய பகுதி வாசிக்கப்படுவதில்லை. கொலோசெயர் 3இன் கடைசியில் வேலைக்காரர் மனப்பூர்வமாய் வேலை செய்ய வேண்டும் என்று வருகிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனம், எஜமான்கள் நீதியும் செவ்வையுமானதைக் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அதிகாரம் மாறுகிறது என்பதற்காக அங்கே நிறுத்திவிடுகிறோம்.

யாக்கோபு 5ஐயும் பொறுமைக்காகவே எடுக்கிறோம். விவசாயி மழைக்குக் காத்திருப்பதுபோலப் பொறுத்திருக்கச் சொல்லும் பகுதி அது. ஆனால் யாக்கோபு அங்கே வருவதற்கு முன் பணக்காரர்களை நேருக்கு நேர் பார்த்து, பிடித்துவைத்த கூலியின் கூக்குரல் சேனைகளின் கர்த்தருடைய செவிக்கு எட்டிவிட்டது என்கிறார். முதலில் கூலி, பிறகுதான் பொறுமை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பொறுமை என்ற நற்குணம் அநியாயத்துக்குக் காவல்காரன் ஆகிவிடும்.

பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த, பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். வாழ்நாளெல்லாம் பட்டு நெய்தும் மகளுக்கு ஒரு பட்டுச்சேலை வாங்க வழியில்லாத நெசவாளி, வேலை செய்யும் இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நூலைத் திருடுகிறான். திருட்டு பாவமா? பாவம்தான். நான் அதை மழுப்பமாட்டேன். ஆனால் அவனிடம் எட்டாவது கற்பனையைப் படித்துவிட்டு, அவனுக்குக் கூலி நிர்ணயித்தவரிடம் எதையும் படிக்காமல் வரும் போதகர் பாதி வேதத்தை மட்டுமே கையில் வைத்திருக்கிறார்.

6. கிருபையைக் கேடயமாகப் பிடிப்பவர்களுக்கு ஒரு கேள்வி.

சகேயு கிரியைகளால் இரட்சிக்கப்பட்டானா? இல்லை. இயேசு அவன் வீட்டுக்கு வருவதாகச் சொன்னபோது அவன் எதையும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. அது கிருபை. ஆனால் அந்தக் கிருபை அவனைத் தொட்டதும் அவன் வாய் திறந்து பேசிய முதல் பேச்சு எதைப் பற்றி? கணக்கைப் பற்றி. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாகத் திரும்ப. இரட்சிப்பு இந்த வீட்டுக்கு வந்தது என்று இயேசு அறிவித்தது அதற்குப் பிறகு. அவன் அதை உலகக் காரியம் என்று ஒதுக்கி ஒரு ஸ்தோத்திரப் பாட்டோடு நிறுத்தியிருந்தால், எரிகோவில் அவனிடம் ஏமாந்தவர்களுக்கு அன்று என்ன நற்செய்தி கிடைத்திருக்கும்?

எபேசியர் 2இல் கிருபையைப் பற்றிய இரண்டு வசனங்களை மனப்பாடம் செய்திருக்கிறோம். அடுத்த வசனம், நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. மார்த்தாள் கதையையும் அடிக்கடி எடுக்கிறார்கள். இயேசு அவளைக் கண்டித்தது அவள் கவலைக்காக, சமையலுக்காக இல்லை. யோவான் 12இல் அவள் மறுபடியும் பந்தி பரிமாறுகிறாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

கூலியைப் பற்றிப் பேசினால் சுவிசேஷம் நீர்த்துப்போகும் என்ற பயத்துக்கும் வரலாறு பதில் வைத்திருக்கிறது. கிருபையை மட்டுமே நம்பிய, ஆழ்ந்த ஜெப வாழ்க்கை கொண்ட பாசல் மிஷன்காரர்கள், மதம் மாறியதால் பிழைப்பு இழந்தவர்களுக்காகக் கண்ணூரிலும் மங்களூரிலும் தறிக்கூடங்களும் ஓட்டுத் தொழிற்சாலைகளும் நடத்தினார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தைக் கொண்டு அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். இவர்களுடைய கிருபை நீர்த்துப்போனதா?

7. கோயில் நகரத்தில் சாட்சி எது?

காஞ்சிபுரத்தில் நம் அண்டை வீட்டார் நம் பிரசங்கத்தைக் கேட்பதில்லை. ஒலிபெருக்கி வைத்தால் காதில் விழும், கேட்பது வேறு. அவர்கள் பார்ப்பது நம்மை. வைகாசி கருட சேவைக்குத் தெரு முழுக்க ஜனம் நிறையும்போது நாம் முகம் சுளிக்கிறோமா, தாகத்துக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்கிறோமா என்று பார்க்கிறார்கள். பிரசாதம் நீட்டப்படும்போது நம் மனசாட்சி இடம் தராவிட்டால், “மன்னிச்சுக்கோங்க அக்கா” என்று கைகூப்பிச் சொல்கிறோமா, அசுத்தத்தைக் கண்டதுபோலப் பின்வாங்குகிறோமா என்று பார்க்கிறார்கள். நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லச் சொன்னவர் பேதுரு. மறுப்பதும் மரியாதையோடு செய்யத்தக்க காரியம்தான்.

1837இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சனின் பெயரைத் தாங்கிய பள்ளி இன்றும் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் ஆகவில்லை. ஆனால் கிறிஸ்தவர்கள் என்றால் படிப்புச் சொல்லிக்கொடுப்பவர்கள் என்ற எண்ணம் ஊரில் வேரூன்றியது. சாட்சி அப்படித்தான் வேர்விடுகிறது. அதே ஊரில், ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிவிட்டு வேறு தொகையை ஆசிரியர் கையில் வைக்கும் நிறுவனம் கிறிஸ்துவின் பெயரைப் பலகையில் எழுதியிருந்தால், அந்த வேரை அதுவே அறுக்கிறது.

அப்படியானால் என்ன செய்வது?

ஜெபத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ஜெபத்துக்குள் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்கிறேன். மாதக் கடைசியில் தசமபாகம் எண்ணும்போது, நாம் யாருக்குக் கொடுக்க வேண்டியது பாக்கி என்பதையும் எண்ணுவோம்; பாக்கியை முதலில் கொடுப்போம், காணிக்கையைப் பிறகு போடுவோம். வீட்டு வேலை செய்பவருக்குத் தேதி தவறாத சம்பளமும், வாரத்தில் ஒருநாள் விடுப்பும், நாம் குடிக்கும் அதே டம்ளரில் காபியும் கொடுப்போம். சேலை வாங்கும்போது கைத்தறியா, எந்த ஜரிகை என்று கேட்போம். கைத்தறி என்றால் அதற்குரிய விலையைக் கொடுப்போம். விற்பவரானால் உள்ளதை உள்ளபடி சொல்வோம். சபையின் சாட்சி நேரத்தில் வேலை கிடைத்ததையும் வியாதி சுகமானதையும் சொல்வதுபோல, பிடித்து வைத்த கூலியைத் திருப்பிக் கொடுத்ததையும் எழுந்து சொல்ல இடம் கொடுப்போம். மணமகன் வீட்டார் சாதி கேட்டால், அந்தக் கேள்விக்கே பதில் சொல்ல மறுப்போம்.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. 1950இல் அது வெளியிட்ட திருவிருந்து முறைமையில், சமாதானம் கூறிக் கைகோத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தை மீட்டெடுத்தது. உலகின் பல சபைகள் அதைப் பார்த்துத் தங்கள் ஆராதனையிலும் சேர்த்துக்கொண்டன. தென்னிந்தியச் சபை உலகச் சபைக்குக் கொடுத்த கொடை என்று அதைப் பெருமையாகச் சொல்லலாம். அதன் வேர் மத்தேயு 5இல் இருக்கிறது: காணிக்கையோடு பீடத்தண்டை வந்தவனுக்கு, தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும். நாமோ பக்கத்து இருக்கைக்காரருக்குக் கை கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். நம்மேல் குறை உள்ளவர் பெரும்பாலும் அந்த இருக்கையில் இல்லை. அவர் தறிமேட்டிலோ, நம் வீட்டுப் பின்கட்டிலோ, நம் பள்ளியின் ஆசிரியர் அறையிலோ இருக்கிறார்.

வாசகரே, உங்கள் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. அது போக வேண்டிய இடம்வரை போகட்டும் என்று கேட்கிறேன். அடுத்த திருவிருந்துக்கு முன் யாருக்கு என்ன தரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியதைக் கொடுத்துத் தீருங்கள். அதற்குப் பிறகு ஆலயத்துக்கு வாருங்கள்.